ஒளிக்கத்தியும் இருபது கிலோ கல்லும்

“உடம்பைத் தொடமாட்டார். கத்தியே எடுக்கமாட்டார். ஒரு சொட்டு ரத்தம் வராது. பத்து நிமிஷம்தான், மூணு கிலோ காலி!”

ஊர் முழுக்க இதே பேச்சு. எங்கே போகிறது அந்த மூன்று கிலோ என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மூன்று கிலோ என்ன, சட்டைப் பொத்தானா, எங்கேயோ தெறித்துவிட்டது என்று விட்டுவிட?

மூடிப்போன ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ‘ஒளிக்கத்தி நிலையம்’ என்று பலகை தொங்கியது. உள்ளே இருந்தவரை எல்லோரும் ஒளிக்கத்தி ஐயா என்றார்கள். லிஃப்ட் கிடையாது. கனத்த உடம்புக்காரர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறினார்கள். ஏறியதில் ஏதாவது உருகியிருந்தால் அந்தப் பெருமையும் ஐயாவுக்கே.

அந்த வரிசையில் தையலம்மாவும் நின்றாள். கழுத்தில் அளவு நாடா. கடையை மூடினாலும் அதைக் கழற்ற மறந்துவிடுவாள். எடை நூற்றுப் பதினெட்டு. சர்க்கரை வேறு. மிஷின் மிதிக்கிற வலது காலில் இரண்டு மாதமாக ஆறாத புண். “இப்படியே விட்டா ஒருநாள் காலையே எடுக்க வேண்டி வரலாம்” என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கால் போனால் மிஷின் போச்சு. மிஷின் போனால் அவளிடம் மீதி என்ன இருக்கிறது?

ஆபரேஷன் செய்யும் டாக்டர் அவளை உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கியிருந்தார்.

“ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு ஸ்லீவ்.”

“ஸ்லீவா? வயித்துக்கு எதுக்கு டாக்டர் கை? முழுக்கையா, அரைக்கையா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இரைப்பையில முக்கால் பங்கை வெட்டி எடுத்துட்டு, மீதியைக் குழாய் மாதிரி தைச்சிடுவோம். சட்டைக்கை மாதிரி இருக்கும், அதான் அந்தப் பேரு.”

“வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியுமா?”

“முடியாது. இன்னொண்ணு பைபாஸ். மேல சின்னதா ஒரு பை பண்ணி, குடலைக் கொண்டுவந்து அதுல இணைப்போம். சாப்பாடு சுத்துவழியில போகும். உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கு, நெஞ்செரிச்சலும் இருக்கு. ஸ்லீவ் பண்ணினா நெஞ்செரிச்சல் கூடலாம். அதனால நான் பைபாஸ்தான் சொல்லுவேன். எதைப் பண்ணினாலும் ஆயுசுக்கும் சத்து மாத்திரை, அளவான சாப்பாடு, செக்கப். யோசிச்சுச் சொல்லுங்க.”

இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் ‘இது அழகுக்காகச் செய்வது’ என்று எழுதித் திருப்பியது. நூற்றுப் பதினெட்டு கிலோவோடு அவள் எந்த அழகிப் போட்டிக்குப் புறப்பட்டதாக நினைத்தார்களோ! டாக்டர் பதில் எழுதினார். அதன்பின் ஆறு மாதம், மாதம் தவறாமல் ஆஸ்பத்திரித் தராசில் ஏறி எடை பதிந்தாள். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று நோட்டில் எழுதினாள். மனநல டாக்டரிடம் போய், தனக்குப் பைத்தியம் இல்லை என்று ஒரு கடிதமும் வாங்கினாள். கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தது. அறுபது நாளைக்குள் ஆபரேஷன். கீழே கொட்டை எழுத்தில்: ‘ஆயுளில் ஒரே ஒரு முறை மட்டும்.’

கடிதம் வந்தது, கூடவே பயமும் வந்தது. நாள் முழுக்கக் கத்தரியும் ஊசியுமாக இருக்கிறவள், தன் வயிற்றில் கத்தரி விழும் என்றதும் தேதி வாங்கப் போவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரொட்டிக்கடைக்காரி கடைக்கு வந்தாள்.

“இந்த கவுனை ரெண்டு இஞ்ச் பிடிச்சுக் குடு. ஒளிக்கத்தி ஐயாகிட்ட ரெண்டு தடவை போனேன். ஆறு கிலோ போயிடுச்சு!”

தையலம்மா பிடித்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் கவுன் திரும்பி வந்தது.

“என்ன தைக்கிறே நீ? போட்டா மூச்சு முட்டுது. பிரிச்சு விடு.”

“மன்னிச்சுக்கங்க, கை தவறியிருக்கும்.”

அந்த மாதத்தில் ஐயாவின் பக்தர்கள் பதினோரு துணிகளைப் பிடிக்கச் சொன்னார்கள். பதினொன்றையும் பிரிக்கச் சொன்னார்கள். தையலம்மா நூலைச் சந்தேகப்பட்டாள். மிஷினைச் சந்தேகப்பட்டு எண்ணெய் விட்டாள். தன் கண்ணையே சந்தேகப்பட்டு மூக்குக்கண்ணாடியை மாற்றினாள். ஐயா ஒருவரைத்தான் சந்தேகப்படவில்லை. அவரிடமே போய் வரிசையில் நின்றாள்.

அறைக்குள் ஒரு பெரிய முள் தராசு நின்றது. அதன் வட்ட முகத்துக்கு வெள்ளைத் திரை. ஆள் ஏறி நின்றதும் ஐயாவின் மச்சினன் பின்னாலிருந்து கயிற்றை இழுப்பான், திரை விலகும், எடையை உரக்கச் சொல்வான். பத்துப் பேருக்கு எடை பார்த்ததும் விளக்கை அணைப்பார்கள். ஐயா வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒவ்வொரு வயிற்றின் மீதும் நீல டார்ச்சை ஓட்டுவார். “கரையட்டும்… பிரியட்டும்… போகட்டும்…” விளக்கு வரும். மறுபடி தராசு. நூற்றுப் பதினெட்டு நூற்றுப் பதினைந்தாகியிருந்தது! தையலம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“நாப்பது நாளைக்கு வேற எந்தத் தராசுலயும் ஏறக் கூடாது,” என்றார் ஐயா. “ஏறினா, போன கொழுப்பு வழி தெரிஞ்சு திரும்பி வந்துடும்.”

கொழுப்புக்கு வழி தெரியுமாம். தபால்காரனுக்குக்கூட அந்த மாடி தெரியாது.

“ஐயா, உங்களுக்கு எவ்வளவு தரணும்?”

“காசா? சேச்சே! இன்சூரன்ஸ் அனுமதிக் கடிதம் வச்சிருக்கியா? ஒரிஜினலைக் கொண்டா. பின்பக்கம் ஒரு கையெழுத்து போடு. மீதியை எங்களுக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி பார்த்துக்கும். நாளைக்கே வா.”

வீட்டில் நாத்தனார் இருந்தாள். புருஷனின் தங்கை. பார்சல் ஆபீசில் எடை போடும் கவுண்டரில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள்.

“அண்ணி, அந்த லெட்டரை எடுத்து எதுக்குப் பையில வைக்கிறீங்க?”

விஷயம் தெரிந்ததும் நாத்தனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“உங்க பேர்ல ஆபரேஷன் நடந்ததா எழுதி கம்பெனிகிட்ட பணம் வாங்கிப்பாங்க அண்ணி. அதுக்கப்புறம் நிஜ ஆபரேஷனுக்கு எங்க போவீங்க? ஆயுளில் ஒரே முறைன்னு இவ்வளவு பெரிசா போட்டிருக்கே!”

“எனக்குத்தான் ஆபரேஷனே வேண்டாமே! மூணு கிலோ குறைஞ்சதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“முள்ளைப் பார்த்தீங்க. ஆள் ஏறறதுக்கு முன்னாடி, காலித் தராசுல முள்ளு எங்க நின்னுச்சு? அதைப் பார்த்தீங்களா?”

“திரை போட்டிருந்தாங்க.”

“நல்லா போட்டாங்க! எங்க கவுண்டர்ல முள்ளு பூஜ்யத்துல நிக்கறதைக் காட்டாம எடை போட்டுப் பாருங்க, பழைய செருப்பு அனுப்ப வந்தவன்கூடச் சண்டைக்கு வருவான். ஒரு பார்சலுக்கு இருக்கிற மரியாதை உங்க உடம்புக்கு இல்லையா?”

தையலம்மா கடிதத்தைப் பைக்குள்ளேயே திணித்தாள். கோபமாகப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள், “நானும் வரேன் அண்ணி” என்று நாத்தனார் செருப்பை மாட்டியபோது வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

நாத்தனார் தோளில் ஒரு தடித்த பை. “அதுல என்ன?” என்று கேட்டதற்கு, “இன்னொரு நோயாளி” என்றாள். மாடித் திருப்பத்தில் இரண்டு தடவை பையை இறக்கி வைத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு முன்வரிசையில் ரொட்டிக்கடைக்காரி. மூன்றாவது தடவை! அவளுக்குப் பக்கத்தில் பஸ் டிரைவர் ஒருவர். எடை பார்த்தார்கள். முன்பு குறைந்த கிலோ யாருக்காவது திரும்பியிருந்தால், ‘வேற தராசுல ஏறியிருப்பே’ என்று மச்சினன் அதட்டினான். விளக்கு அணைந்தது. நீல டார்ச் ஓடியது. கரையட்டும், பிரியட்டும், போகட்டும். விளக்கு வந்தது.

“அடுத்து! அடுத்து!” மச்சினன் தராசுக்குப் பின்னாலிருந்து கூவிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவருக்கும் மூன்று கிலோ. நூலளவும் கூடவில்லை, குறையவில்லை. கொழுப்பு அவ்வளவு கட்டுப்பாடாக வரிசையில் நின்று போயிற்று.

“அடுத்து!”

தையலம்மா ஒரு காலை எடுத்து வைத்தாள். நாத்தனார் அவளை நகர்த்திவிட்டு, பைக்குள்ளிருந்ததை இரண்டு கையாலும் தூக்கித் தராசில் வைத்தாள். மச்சினன் வழக்கம்போலக் கயிற்றை இழுத்தான். முள்ளைப் பார்த்தான்.

“பதினேழு!” என்று கூவினான். அப்புறம்தான், “பதினேழா?” என்று எட்டிப் பார்த்தான்.

தராசின் மேல் ஒரு இரும்பு எடைக்கல் உட்கார்ந்திருந்தது. பார்சல் ஆபீசில் தினமும் தராசைச் சரிபார்க்க வைத்திருக்கும் கல். ஆபீசரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தாள்.

“ரொட்டிக்கடையம்மா, கிட்ட வாங்க. அது மேல என்ன பொறிச்சிருக்குன்னு சத்தமா படிங்க.”

ரொட்டிக்கடைக்காரி குனிந்தாள். “இருபது.”

எல்லோரும் கல்லையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஐயா மட்டும் அசரவில்லை. டார்ச்சை உயர்த்திப் பிடித்தார்.

“பார்த்தீங்களா! நம்ம ஒளி விழுந்த அறையில இரும்பும் இளைக்கும்!”

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாலு பேர் கை தட்டினார்கள். பஸ் டிரைவர், “பஸ்ஸைக் கொண்டு வந்தா டீசல் குறையுமா ஐயா?” என்று பணிவாகக் கேட்டார்.

“இருங்க, இருங்க,” என்றாள் நாத்தனார். “திரையை மூடாதே தம்பி.” கல்லைத் தூக்கிக் கீழே வைத்தாள். தராசு காலி. முள் பூஜ்யத்துக்கு மூன்று கோடு பின்னால் போய் நின்றது.

“ஆளும் இல்லே, கல்லும் இல்லே. வெறும் காத்துதான் நிக்குது. அதுவும் மூணு கிலோ இளைச்சிருக்கு. ஏன் ஐயா, காத்துகிட்டயும் இன்சூரன்ஸ் லெட்டர் வாங்கிட்டீங்களா?”

தராசு மேடைக்கு அடியில் கையை விட்டு ஒரு திருகாணியைத் திருப்பினாள். முள் பூஜ்யத்துக்கு வந்தது. கல்லை வைத்தாள். இருபது.

“விளக்கை அணைக்கிற நேரத்துல இதைத் திருப்பறதுதான் இங்க நடக்கிற ஒரே ஆபரேஷன். அதைப் பண்ற டாக்டர் தராசுக்குப் பின்னாடி நிக்கிறாரு.”

மச்சினன் கயிற்றை விட்டுவிட்டான்.

“சந்தேகப்படறவங்களுக்கு எடை ரெண்டு மடங்கா திரும்பும்!” என்று ஐயா கத்தினார்.

ரொட்டிக்கடைக்காரியின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. “இல்லே… கல்லு எப்படியோ போகட்டும். எனக்கு நிஜமாவே குறைஞ்சுது. ஒன்பது கிலோ. எனக்குத் தெரியும்.”

தையலம்மா கழுத்திலிருந்து நாடாவை இழுத்தாள். கைப்பையிலிருந்து கடை நோட்டை எடுத்தாள்.

“கையைத் தூக்குங்க.”

“இங்கேயா?”

“தூக்குங்கன்னா தூக்குங்க.” நாடா இடுப்பைச் சுற்றி வந்தது. “போன மாசம் நாப்பத்தி நாலு. என் கையாலயே எழுதியிருக்கேன். இப்ப நாப்பத்தஞ்சு. எந்த ஒன்பது கிலோ போச்சு, சொல்லுங்க?” அவள் நோட்டை ஓங்கி மூடினாள். “பதினோரு துணியைப் பிடிச்சேன். பதினோரு துணியைப் பிரிச்சேன். என் தையலைத் திட்டினேன், என் கண்ணைத் திட்டினேன். நாடா என் கழுத்துலயே தொங்கிட்டு இருந்துச்சு. பிரிக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை, ஒரே ஒரு தடவை திரும்ப அளந்திருந்தா…”

ரொட்டிக்கடைக்காரி கையை இறக்கினாள். பிறகு திரும்பி ஐயாவைப் பார்த்தாள். “என் லெட்டர் எங்கே?”

அந்தக் கேள்வி அறை முழுக்கப் பரவியது. என் லெட்டர் எங்கே? என் லெட்டர்? மேஜை இழுப்பறையை உடைத்ததில் பதினான்கு அனுமதிக் கடிதங்கள் கிடைத்தன. அதற்குள் ஐயா பின்படியில் இறங்கிவிட்டார். லிஃப்ட் இல்லாத அந்த மாடியிலிருந்து அவ்வளவு லேசாக இறங்கிய உடம்பு அது ஒன்றுதான். நீல டார்ச்சை விட்டுவிட்டுப் போயிருந்தார். திறந்து பார்த்தார்கள். கண்ணாடியில் நீலக் காகிதம் ஒட்டியிருந்தது.

இரண்டு கடிதங்கள் மட்டும் கிடைக்கவில்லை. ஒன்று பஸ் டிரைவருடையது. அவர் இன்னமும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

“உங்களுக்குத்தான் ஆபரேஷன் முடிஞ்சுபோச்சே சார். ரிக்கார்டு இருக்கு.”

“என் வயித்தைப் பாருங்க! தழும்பு இருக்கா?”

“ஒளிக்கத்தின்னு போட்டிருக்கு சார். அதுக்கு ஏது தழும்பு?”

தையலம்மா தன் கடிதத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாள். எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? எத்தனை பேருக்குக் கோளாறு வந்துச்சு? வந்தா என்ன பண்ணுவீங்க? டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சிலதற்குத் “தெரியாது” என்றும் சொன்னார். ‘தெரியாது’ என்று சொன்னவரைத்தான் அவள் நம்பினாள். பைபாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பயம் போகவில்லை. பயத்தோடுதான் போய்ப் படுத்தாள்.

ஐந்து மாதத்தில் கால் புண் ஆறியது. மாத்திரை தினமும் உண்டு. தன் ஜாக்கெட்டை அவளே மூன்று தடவை பிடித்தாள். ஒன்றையும் திரும்பப் பிரிக்கவில்லை.

போன வாரம் ரொட்டிக்கடைக்காரி மூச்சு வாங்கக் கடைக்குள் நுழைந்தாள்.

“விஷயம் தெரியுமா? மேல ரோட்டுல புதுசா ஒருத்தர் வந்திருக்காராம். போட்டோவைப் பார்த்தே கொழுப்பை இழுத்துடறாராம்! நேர்ல போகக்கூட வேண்டாமாம்! கூட்டம் அள்ளுதாம்!”

தையலம்மா மிஷினை நிறுத்தினாள். எழுந்து வந்தாள். நாடாவை எடுத்து ரொட்டிக்கடைக்காரியின் தலையைச் சுற்றி அளந்தாள்.

“என்ன, தலையை அளக்கறே?”

“ஒண்ணுமில்லே. இருபத்திரண்டு இஞ்ச் இருக்கு. இவ்வளவு பெரிசா வச்சுக்கிட்டு, தொப்பி மாட்ட மட்டும்தானா உபயோகிக்கறீங்கன்னு பார்த்தேன்.”