தேரோடு ஒட்டிய தாலி

சரியாகக் காலை ஆறு இருபதுக்கு நான் அச்சைக் கழுவினேன். நாசம் அங்கேதான் தொடங்கியது.

மகள் மதுரா பாடசாலைக் கண்காட்சிக்காக ஒரு குட்டித் தேர் செய்திருந்தாள். அதைச் சுற்றி ஒட்டுவதற்கு நகமளவு பிள்ளையார்கள் வேண்டும். என் தாலியில் அதே அளவில் ஒருவர் இருக்கிறார். சுடுதண்ணீரில் இளகி, ஆறினால் இறுகும் அச்சுக்கட்டியில் அவரைப் பதித்தேன். படகு ஓட்டை அடைக்கக் கணவர் வைத்திருந்த புட்டிப் பசையைப் பிசைந்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவிய அந்தக் குழியில் அமுக்கினேன். தும்பிக்கை மடிப்பு வரை அச்சொட்டாக வந்தார். வரிசையாகப் பிள்ளையார்கள் பிறக்கப் பிறக்க எனக்குத் தலைக்கனம் ஏறியது.

தேரின் முகப்புக்கு ஒருவர்தான் பாக்கி. அச்சு எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததால் சுடுதண்ணீரில் கழுவினேன். (நான் இரசாயனம் படிப்பிக்கிறவள். என் மாணவர்கள் இதை வாசிக்கக் கூடாது.) பிள்ளையார் மறைந்து, கொழுக்கட்டை மா போல ஓர் உருண்டை கையில் மிஞ்சியது.

ஏழு மணிக்குப் பாடசாலை வான் வந்துவிடும். அச்சு எதற்கு, ஆளே கழுத்தில் இருக்கிறாரே! முகப்பில் புட்டியை அப்பி, குனிந்து தாலியை நேரே அதில் அமுக்கினேன். எண்ணெய் பூசவில்லை. நன்றாக இறுகட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கவும் செய்தேன்.

நிமிர்ந்தபோது தேரும் என்னோடு நிமிர்ந்தது.

"அம்மா, தாலிக்கொடியைக் கழட்டுங்கோ!"

"அப்பா உயிரோட இருக்கேக்க தாலியைக் கழட்டுறதோ?"

"அப்ப என்ர தேர்?" அவள் கண் கலங்கிவிட்டது. விடுமுறை முழுவதும் சிரட்டையைத் தேய்த்துச் சக்கரம் செய்தவள் அவள்.

வெளியே ஹோன் அடித்தது. தேரைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்தபடி வாசல் படலைக்குப் போனேன். வான் ஓட்டும் நசீர் நானா எட்டிப் பார்த்தார். "என்ன ரீச்சர், நீங்க தேர இழுக்கிறீங்களா, தேர் உங்கள இழுக்குதா?"

அந்த நேரம் பார்த்து, துறைமுகத்தில் இரவு வேலை முடித்த கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இஞ்சேரும், கழட்டுமப்பா. நான் உயிரோடதானே நிக்கிறன்."

"அதாலதானே கழட்டேலாது!"

அவர் ஸ்குரூட்ரைவரை எடுத்து நெம்பினார். டக்! தாலி வந்தது. முகப்பில் பிள்ளையார் இல்லை, அவருடைய வடிவில் ஒரு குழிதான் இருந்தது. நேரே அமுக்கினால் குழிதான் விழும் என்பது அந்தக் கணத்தில்தான் என் படித்த மூளைக்கு உறைத்தது. மதுரா தேரைத் தூக்கிக்கொண்டு வானில் ஏறினாள்.

என் தாலிப் பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்பில் இன்றும் சாம்பல் நிறப் புட்டி ஒட்டியிருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டாலே என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. நான் வீட்டில் இல்லாதபோது யாராவது என்னைத் தேடி வந்தால், "பிள்ளையார் வெளியில போயிட்டார்" என்றுதான் அப்பாவும் மகளும் சொல்கிறார்கள். எல்லாம் அன்று பின்னேரம் மதுரா வந்து சொன்ன கதையால் வந்த வினை.

"முன்னுக்கு ஏன் குழி எண்டு நடுவர் கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"பிள்ளையார் இப்பதான் இறங்கி அம்மாவோட போயிட்டார் எண்டனான். சிரிச்சுப்போட்டு இரண்டாம் இடம் தந்தவ. முதலாம் இடம், அவர் திரும்பி வந்தாப் பிறகாம்."