தட்டினது யார்?

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. காரின் இழுவை குறைந்து, ஷேர் ஆட்டோக்கள்கூட ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தன. பின்சீட்டில் இருந்த வெளிநாட்டுக்கார அம்மா, இறங்கி நடந்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார். ஓட்டிக்கொண்டிருந்த அப்பாதுரைக்கு அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

ரமணாசிரமம் பக்கம் விடுதி நடத்தும் மணிமொழி, போன மாதம்தான் தன் விருந்தினர்களை ஏற்றி இறக்கும் வேலை முழுவதையும் அவருக்குக் கொடுத்திருந்தார். இன்னொரு புகார் வந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்றும் நேற்றுதான் சொல்லியிருந்தார்.

மெக்கானிக் மாறன் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. கோளாறு நாக் சென்சாரில் என்றது அவருடைய கருவி. இன்ஜினில் எதுவும் தட்டினால் கேட்டுச் சொல்கிற காது அது. அது சொன்னதும் வண்டி பயந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் தடவை சென்சாரை மாற்றினார். மறுநாளே விளக்கு எரிந்தது. இரண்டாம் தடவை ஒயரையும் மாற்றினார். அரை நாள்கூடத் தாங்கவில்லை. விளக்கோடு கிணிகிணி என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. ரிப்பேர் என்றால் இருப்பது போகவேண்டும், இல்லாதது வரலாமா?

வெளிநாட்டு அம்மாவை இறக்கிவிட்டு அப்பாதுரை நேராக மாறன் பட்டறைக்குப் போனார். அங்கே நாலு பேர் நின்றிருந்தது வசதியாகப் போயிற்று.

"டூப்ளிகேட் மாட்டி என் பொழப்புல மண்ணப் போடுறியா?"

"சத்தியமா ஒரிஜினல்ணா. எனக்கே ஒண்ணும் புரியல."

புரியாதவனுக்கு எதற்குப் பட்டறை, எதற்குப் போர்டு என்று தெருவே கேட்கும்படி கேட்டுவிட்டு, வண்டியை பைபாஸ் ரோட்டில் இருக்கும் அருள்ராஜிடம் கொண்டுபோனார்.

அருள்ராஜ் கருவியை எடுக்கவே இல்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜின் மேலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டு, கம்பியில் கட்டியிருந்த மூன்று செப்புத் தாயத்துகளை வெளியே எடுத்தார்.

"சென்சார் மேல தப்பு இல்லீங்க. இதுங்க தட்டுச்சு, அது கேட்டுச்சு. வீட்ல யாராவது கட்டுனாங்களா?"

யாராவது என்ன யாராவது. பொன்னிதான். வண்டி முன்னால் மனைவி கட்டிய எலுமிச்சம்பழத்தை, இந்தக் காலத்தில் இதெல்லாமா என்று அவர் அறுத்து எறிந்தது போன மாதம். அவர் கண்ணில் படாத இடமாகத் தேடிப்பிடித்துக் கட்டியிருக்கிறாள், அதுவும் ஒன்றுக்கு மூன்றாக. ஆத்திரத்தில் வண்டியை நேரே வீட்டுக்கு விடத்தான் நினைத்தார்.

ஆனாலும் அப்பாதுரை நியாயஸ்தர். நாலு பேர் முன்னால் திட்டியதற்கு நாலு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். போகிற வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிப்போய் மாறன் கையில் கொடுத்து, தாயத்துகளைக் காட்டி, எல்லாம் எங்கள் வீட்டு மடத்தனம், உன் தொழிலைச் சந்தேகப்பட்டது என் தப்பு என்றார். மாறன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை மும்முரமாகத் துடைத்தபடி, "வுடுங்கண்ணா. நம்பிக்கைனு வந்துட்டா யாரைக் குத்தம் சொல்றது" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று அப்பாதுரை நினைத்துக்கொண்டார். கூனிக்குறுகி வீடு வந்து சேர்ந்தார்.

தாயத்துகளைப் பொன்னி முன்னால் வீசினார். கையில் இருந்த ஒரே பிழைப்பு போகப்பார்த்தது, ஒரு நல்ல தொழிலாளியை ஊரறிய அவமானப்படுத்தினேன், எல்லாம் உன்னால் என்று மூச்சு விடாமல் கத்தினார். பொன்னி குனிந்து மூன்றையும் பொறுக்கி, ஒன்றை மட்டும் தன் பக்கம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் கட்டுனது இது ஒண்ணுதாங்க. மீதி ரெண்டும், ரிப்பேர் புடிபடலக்கா, உங்களுக்குத் தாயத்து குடுத்த பூசாரி எங்க இருக்காருனு எனக்கு போன் பண்ணிக் கேட்டு மாறன் கட்டுனது."