தொடங்க இரண்டு வழி

பாலேஸ்வரி இங்கிலீஷ் வகுப்புக்குப் போகக் கூடாது. கனகசபாபதி முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்தது குளியலறைக்குள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. வெளியே வந்து அதைச் சொல்லும் துணிவுதான் இல்லை.

காரணம் பெரிய காரணம் அல்ல. வகுப்பு திங்கள், புதன், வெள்ளி. பின்னேரம் நாலிலிருந்து ஆறு. கனகசபாபதிக்குத் தேத்தண்ணி நாலு மணிக்கு. நாற்பத்தொரு வருஷமாக நாலு மணிக்கு; வேலைக்குப் போன காலத்தில் பிளாஸ்கில். கூடவே ஒரு வடை, இல்லையென்றால் ஒரு வாய்ப்பன். மின்வெட்டு நாட்களிலும், காஸ் சிலிண்டருக்கு வெள்ளவத்தை முழுக்க வரிசையில் நின்ற நாட்களிலும் அந்தத் தேத்தண்ணி ஒரு நிமிஷம் பிந்தவில்லை. அது எப்படி வருகிறது என்று அவர் யோசித்ததும் இல்லை. சூரியன் எப்படி வருகிறது என்று யார் யோசிக்கிறார்கள்?

இதை வாய்விட்டுச் சொன்னால் மானம் போகும். "ஒரு தேத்தண்ணிக்காகவோ என்னைப் படிக்க விடாமல் மறிக்கிறியள்?" என்று கேட்பாள்.

ஆனால் வழி இருந்தது. கனகசபாபதி அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கிளாக்கராகத் தொடங்கித் தலைமைக் கிளாக்கராக முடித்தவர். முப்பத்தாறு வருஷம். அதில் ஒருவருடைய விண்ணப்பத்தையும் அவர் மறுத்தது கிடையாது. மறுத்தால் மேன்முறையீடு வரும். வீண் தலையிடி. "இன்னொரு படிவம் நிரப்புங்கோ" என்பார். வந்தவர் மூன்றாம் படிவத்தில் களைப்பார். நாலாம் படிவத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்.

பாலேஸ்வரிக்கும் அதே வைத்தியம்.

"இஞ்சாரும்," என்றார் காலைச் சாப்பாட்டில். "இங்கிலீஷ் படிக்கப் போறீராம்?"

"ஓமப்பா. பாமன்கடைப் பகுதியிலை கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் படிப்பிக்கிறா. கீழ்வீட்டுக் கைருன்னிஸாவும் வாறாவாம்."

"அறுபத்து நாலு வயசிலை என்னத்துக்கு இங்கிலீஷ்?"

"எங்கடை பிளற்ஸிலை குடியிருக்கிற ஆக்களின்ரை கூட்டத்திலை கதைக்க."

"அங்கை நான்தான் கதைக்கிறனே!"

"நான் சொல்லிவிடுறதிலை பாதியைத்தான் கதைக்கிறியள். இனி மொட்டை மாடியிலை உடுப்புக் காயப்போடக் கூடாது எண்டு அவங்கள் சொல்ல, நீங்கள் என்ன செய்தனீங்கள்? எழும்பி நிண்டு 'தாங்க் யூ' எண்டனீங்கள்."

உண்மை. கனகசபாபதி அந்த உண்மையின் மேல் மிதிக்காமல் சுற்றிப் போனார்.

"வீட்டுக்குள்ளை கிணறு மாதிரி நான் இருக்கிறன். நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பாமன்கடைக்குப் போறீரோ? நான் படிப்பிக்கிறன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூண்டு மணிக்கு. நாலுக்கு முடிச்சிடலாம்."

பாலேஸ்வரி அவரைப் பார்த்தாள். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"சரி," என்றாள்.

இவ்வளவு கெதியில் அவள் சரி சொல்கிறாள் என்றால் அவர் அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. இன்னொரு இடியப்பம் கேட்டார்.

மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் பாடம். 'திஸ் இஸ் எ கற்' என்று தொடங்கினால் அவள் படித்துவிடுவாள். அதனால் இலக்கணப் புத்தகத்தின் நடுவைப் பிளந்தார். ஜெரண்டும் இன்பினிற்றிவும். திணைக்களத்தில் பட்டதாரிகளே தடுக்கி விழுந்த இடம்.

"கவனியும். ஒரு வினைக்குப் பின்னாலை இன்னொரு வினை வருது. அது சும்மா வெறுங்கையோடை வரேலாது. ஒண்டில் முன்னுக்கு 'ரு' (to) பிடிச்சுக்கொண்டு வர வேணும். அது இன்பினிற்றிவ். இல்லாட்டி வாலிலை 'இங்' கட்டிக்கொண்டு வர வேணும். அது ஜெரண்ட்."

"எது வாறது எண்டு எப்பிடித் தெரியும்?"

"முன்னுக்கு நிக்கிற வினையின்ரை குணத்தைப் பொறுத்தது. 'வோண்ட்' எண்டால் 'ரு' மட்டும். 'என்ஜோய்' எண்டால் 'இங்' மட்டும்."

"'ஸ்ராட்' எண்டால்?"

"இரண்டும் வரும்."

"கருத்து வேறையோ?"

"இல்லை. ஒண்டுதான்."

"ஒண்டெண்டால் என்னத்துக்கு இரண்டு?"

முப்பத்தாறு வருஷத்தில் அவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

"அதை வெள்ளைக்காரனைக் கேளும்!"

"கோவியாதையுங்கோ. நான் செய்யிற வேலை ஒண்டிலை வைச்சு உதாரணம் சொல்லுங்கோ."

"ஐ ஸ்ராட்டட் ரு ஸ்கிரேப் த கொக்கனட். ஐ ஸ்ராட்டட் ஸ்கிரேப்பிங் த கொக்கனட். நான் தேங்காய் துருவத் தொடங்கினன். விளங்கிச்சோ?"

பாலேஸ்வரி எழுதின கொப்பியை மூடினாள். "விளங்கேல்லை."

கனகசபாபதியின் நெஞ்சு குளிர்ந்தது. முதலாம் படிவத்திலேயே களைத்துவிட்டாள்!

"விளங்காது. கஷ்டமான பாடம். விடுவமோ?"

"கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் எண்டால் எல்லாத்தையும் கையாலை செய்து காட்டிக்கொண்டுதான் வாயாலை சொல்லுவாவாம். அப்பதான் மண்டையிலை நிக்குமாம். அது அவவுக்குத்தான் ஏலும்போலை. பரவாயில்லை, நான் பாமன்கடைக்கே..."

"ஆருக்கு ஏலாது?" என்றார் கனகசபாபதி.

ஐந்து நிமிஷத்தில் அவர் துருவலையில் இருந்தார். இருந்தார் என்பது மரியாதைக்கு. இறக்கி வைக்கப்பட்டார். முழங்கால் ஒன்று வடக்கே பார்த்தது, மற்றது கடற்கரை றெயிலைப் பார்த்தது.

"ஐ ஸ்ராட்டட் ரு ஸ்கிரேப்," என்று ஒரு பாதியை ஒரு கோப்பைக்குள் துருவினார்.

"இனி மற்றது."

"ஐ ஸ்ராட்டட் ஸ்கிரேப்பிங்," என்று மற்றப் பாதியை இன்னொரு கோப்பைக்குள் துருவினார்.

பாலேஸ்வரி இரண்டு கோப்பையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஓமப்பா. வித்தியாசமில்லைத்தான். இன்பினிற்றிவ் மட்டும் கொஞ்சம் பரும்படியாக் கிடக்கு."

"நான் சொன்னனானெல்லோ. எழுப்பிவிடும் என்னை."

"பொறுங்கோ. தொடங்கினதை முடிக்கிறதுக்கு என்ன சொல்?"

"'பினிஷ்'. அதுக்கு 'இங்' மட்டும்தான். ஐ பினிஷ்ட் ஸ்கிரேப்பிங்."

"தொடங்க இரண்டு வழி, முடிக்க ஒரு வழிதானோ?" அவள் சிரட்டைகளை எட்டிப் பார்த்தாள். "ஆனால் இதிலை இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்கே. துருவி முடிச்சிட்டன் எண்டு கொப்பியிலை பொய் எழுதலாமோ?"

கனகசபாபதி துருவி முடித்தார். அன்று நாலு மணிக்குத் தேத்தண்ணி வந்தது. வடையும் வந்தது. இடுப்பு நொந்தாலும் வெற்றி தன்னுடையது என்று நினைத்துக் குடித்தார்.

இரண்டாம் நாள் காலை வெள்ளவத்தைச் சந்தையில் அவரைக் காணலாயிற்று. "மல்லி, பொல் தெகக்" என்று கடைக்காரத் தம்பியிடம் சிங்களத்தில் இரண்டு தேங்காய் கேட்டார். இலக்கணத்துக்கு ஒரு தேங்காய் காணாது என்று பாலேஸ்வரி சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள் அவள் புதுச்சொல் ஒன்றைத் தானே பிடித்து வந்தாள்.

"'ஹேற்' எண்டால் என்ன வரும்?"

"இரண்டும் வரும்."

"அப்ப இரண்டு வெங்காயம்."

கனகசபாபதி வெங்காயம் வெட்டுவதை வெறுத்தார், இரண்டு விதமாகவும். கண்ணீர் ஒரே விதமாகத்தான் வந்தது.

அன்றிரவு அவர் புத்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். இரண்டும் வருகிற வினைகள் ஆபத்து. ஒன்று மட்டும் வருகிற வினையாகப் பார்த்து எடுக்க வேண்டும். பாதி வேலை குறையும். நாலாம் நாள் 'என்ஜோய்' என்று அறிவித்தார்.

"ஐ என்ஜோய் வோஷிங் த பிளேற்ஸ்," என்று பாலேஸ்வரி வசனத்தைக் கட்டிக்கொடுத்தாள். மத்தியானத்துக் கோப்பை எல்லாம் தொட்டிக்குள் தயாராகக் கிடந்தது.

கழுவினார்.

"முகத்திலை என்ஜோயைக் காணேல்லையே அப்பா."

சிரித்துக்கொண்டு கழுவினார்.

ஆறாம் நாள் 'பிகின்'. நேரம் மூன்று நாற்பது. ஐ பிகேன் ரு போயில் த வோட்டர். ஐ பிகேன் போயிலிங் த வோட்டர். அடுப்பில் இரண்டு கேத்தில். தேயிலை எந்த டப்பாவில், சீனி எந்தப் போத்தலில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, வேர்த்துக் கொட்டி, இரண்டு தேத்தண்ணி போட்டு முடிக்கக் கதவில் மணி அடித்தது. கீழ்வீட்டுக் கைருன்னிஸா. கையில் கொப்பி.

"சேர், எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்களேன். நீங்க நல்லா வெளங்கப்படுத்துறீங்களாம், பாலேஸ் அக்கா சொன்ன." மேசையில் இருந்த கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "இது எது சேர்?"

"அது... ஜெரண்ட்."

"சாயம் கொஞ்சம் கூடிப்போய் ஈக்கி."

பாலேஸ்வரி இன்பினிற்றிவை எடுத்துக்கொண்டாள். ஆசிரியருக்கு மிச்சமில்லை. மூன்றாவது ஒன்று போட்டார். அந்த நாலு மணித் தேத்தண்ணியைத் தானே போட்டுத் தானே குடித்திருக்கிறார் என்பது அவருக்கு ஐந்தரைக்குத்தான் உறைத்தது. உறைத்து என்ன? அடுத்த நாளும் பாடம் மூன்று நாற்பதுக்குத்தான் கேத்திலுக்கு வந்தது. அதற்கடுத்த நாளும். கைருன்னிஸாவும் பிந்தாமல் வந்தாள். பதினோராம் நாள் வாய்ப்பன். மாவைப் பிசையத் தொடங்க இரண்டு வழி இருந்தது.

பதின்மூன்றாம் நாள் லிப்டில் கைருன்னிஸாவின் கணவன் மஜீட் அவரை மறித்தார். காலி வீதியில் புடவைக் கடை வைத்திருக்கிற, யாரையும் மறிக்காத மனிதர்.

"சேர், அல்லாவுக்காகச் சொல்ற, ஒங்கட வகுப்ப நிப்பாட்டுங்க."

"ஏன் மஜீட்?"

"நேத்து கடை மூடிட்டு வாரன். கைருன்னிஸா கதிரையில ஈக்கா. எழும்பல்ல. 'ஐ வோண்ட் ரு ட்ரிங்க் டீ' என்டா. படிக்கிறாதானேண்டு நானும் 'வெரி குட்' என்டன். 'வெரி குட் இல்ல, போட்டுத் தாங்க, மேல்வீட்டு சேர் போடுறார்' என்டா!"

"நீர் என்ன செய்தனீர்?"

"என்னத்தச் செய்ய? போட்ட. எங்கட ஊட்டில சீனி எங்க ஈக்கிண்டு எனக்கு முந்தாநாள் வர தெரியா, சேர். இவங்கள அந்த டீச்சர்ட்டயே அனுப்புங்க. அங்க வேல செய்ற டீச்சர் மட்டும்தான்."

கனகசபாபதி ஐந்தாம் மாடி வரை யோசித்தார். பாமன்கடைக்கு அனுப்பினால் கிழமையில் மூன்று தேத்தண்ணி போகும். வீட்டில் வைத்திருந்தால் ஏழும் போகிறது. துருவல், வெங்காயம், கோப்பை எல்லாம் அதற்கு மேலே. இரண்டு நாள் மானத்தோடு மல்லுக்கட்டினார். பதினைந்தாம் நாள் மானம் தோற்றது.

"இஞ்சாரும். யோசிச்சுப் பாத்தன். நீர் கொன்ஸ்ரன்ஸ் ரீச்சரிட்டையே போம்."

"சீ, என்னத்துக்கு? நீங்கள் நல்லாத்தானே படிப்பிக்கிறியள்."

"அவ முறையாப் படிப்பிக்கப் பழகினவ."

"அவ உங்களை மாதிரி வெங்காயம் வெட்டுவாவோ?"

"எல்லாம் வெட்டுவா!"

"நாளைக்கு இடியப்பம் பிழியிறது எண்டெல்லோ இருக்கு. 'கன்ரினியூ'வுக்கும் இரண்டும் வரும் எண்டு நேற்றுச் சொன்னனீங்கள்."

இடியப்பம். இரண்டு தரம். கனகசபாபதி தன் தோள்மூட்டைத் தடவினார்.

"பாலேஸ், கும்பிட்டுக் கேக்கிறன். போம்."

"நான் போனால் நாலு மணிக்கு உங்களுக்குத் தேத்தண்ணி?"

தப்பினால் போதும் என்று ஓடுகிற மனிதனுக்கு வாயில் கட்டுப்பாடு இருக்காது.

"தேத்தண்ணி ஒரு பெரிய விஷயமோ? நான் போடுவன்! நீர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்!"

"உறுதியா?"

"உறுதியா!"

"இவ்வளவு சொல்லுறியள் எண்டால் நான் மறுக்கிறது வடிவில்லை," என்றாள் பாலேஸ்வரி. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு இடையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். படம் ஒட்டி, பெயர் எழுதி, சீல் குத்திய மாணவர் அட்டை. கொன்ஸ்ரன்ஸ் ரீச்சரின் கையெழுத்து.

கனகசபாபதி கண்ணாடியை ஏற்றினார். எந்தக் கடதாசியிலும் அவர் கண் முதலில் போவது திகதிக்கு. போனது. அவர் பாடம் தொடங்குவதற்கு முதல் நாள் திகதி.

"இது... அப்பவே பதிஞ்சிட்டீரோ?"

"ஓமப்பா. புது வகுப்பு நாளைக்குத்தானே தொடங்குது."

"அப்ப இந்தப் பதினைஞ்சு நாளும்?"

"நீங்கள் தனிய இருந்தால் நாலு மணிக்கு என்ன செய்வியள் எண்டு எனக்கு ஒரே கவலை. இப்ப அது இல்லை."

கனகசபாபதி திகதியை இன்னொரு தரம் பார்த்தார். பாலேஸ்வரி அட்டையைக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள்.

"ஆறரைக்குக் களைச்சுப்போய் வருவன்," என்றாள். "கடிக்கவும் ஏதாவது செய்து வையுங்கோ."