வைரக்கண்ணுவின் மூன்றாவது விண்கலம்

ஒரு காட்டில், மழை கொட்டினாலும் புலி செத்தாலும், வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பாறைமேல் விண்வெளி நாடகம் நடந்தே தீரும். அதில் வரும் விண்கலத்தை மூங்கிலிலும் பாக்குமட்டையிலும் கட்டித் தருவது வைரக்கண்ணு என்கிற பெருச்சாளி. சந்தைச் சாக்கடையில் மூட்டை இழுத்து, அடி வாங்கி, திருப்பி அடித்து மேலே வந்த ஆள். மூக்கு நுனியில் கோபம். வேலைக்குக் கூலியாகக் காடு அவனுக்கு ஒரு புளியமரப் பொந்து விட்டிருந்தது. பெண்டாட்டி, பதினொரு குட்டிகள் எல்லாம் அதில்தான். ஒரு கலத்துக்கு எதிராக நூறு ஆட்சேபப் படிவம் சேர்ந்தால் பொந்து மரங்கொத்திக்குப் போய்விடும். அதுதான் விதி.

முதல் கலம் உருண்டையாக இருந்தது.

"விண்கலமா இது? மாவரைக்கிற கிரைண்டர்!" என்றது கிடா.

காடே சிரித்தது. தொண்ணூற்றெட்டுப் படிவம் சேர்ந்தது. இரண்டு ஆடுகள் வரிசையில் நிற்கும்போதே தங்கள் படிவத்தைத் தின்றுவிட்டதால் பொந்து தப்பியது.

பயந்துபோன வைரக்கண்ணு இரண்டாவது கலத்தை ஈட்டி மாதிரி ஒல்லியாகக் கட்டினான். கிடா கண்ணீர் விட்டது.

"பழைய கலத்துல ஒரு கம்பீரம் இருந்துச்சே!"

"நீதானேடா கிரைண்டர்னே?"

"பாசமா சொன்னேண்ணே."

மறுநாள், படிவம் வாங்கும் ஆந்தையின் அலுவலகத்தில் கருத்து மாற்றப் படிவத்துக்குக் குளம்வரை வரிசை. பழைய கருத்து, புதிய கருத்து, அதன் கீழே 'நான் எப்போதும் இதையேதான் சொல்லிவந்தேன் என உறுதி கூறுகிறேன்'. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வரிசையில் நிற்காதவன் பச்சோந்தி மட்டும்தான்; மாற்ற வேண்டிய கருத்து எதுவும் அவனிடம் இல்லை.

ஈட்டிக்கு எதிராக நூற்று நாற்பது. "வெள்ளிக்கிழமைக்குள் பொந்தைக் காலி பண்ணு" என்றது ஆந்தை. மரங்கொத்தி வாசலை அளந்துவிட்டுப் போனது.

வைரக்கண்ணுவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் சந்தையில் வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை பாறைமேல் ஒரு ஓட்டை பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

"இதுதான் புதுக் கலம்."

 காடே கதறியது. "ஈட்டி எங்கே? அந்த அழகு வருமா? ஈட்டியைக் கொண்டா!"

"முடியாது. வாளிதான்."

"ஈட்டி மேல கொடுத்த ஆட்சேபத்தையெல்லாம் திரும்ப வாங்கிக்கிறோம்!"

"அப்புறம்?"

"பொந்து உனக்கே."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்!"

"எழுதிக் குடு" என்றான். ஆந்தை எழுதிக் கொடுத்தது. "உங்க முகத்துக்காகத்தான்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

அதைப் பொந்து வாசலில் மாட்டும்போது பச்சோந்தி வந்தான்.

"அண்ணே, மூணு கலமும் எனக்கு முதல் நாளே பிடிச்சுது."

வைரக்கண்ணு பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். "அன்னைக்கே ஏண்டா சொல்லலை? படிவம் கொடுக்க வேண்டியதுதானே!"

"பிடிச்சிருக்குன்னு சொல்லப் படிவமே இல்லையேண்ணே."

வைரக்கண்ணு அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பெண்டாட்டியிடம், "நிறம் மாறுறவன் பேச்சை நம்பாதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

நீதி: நல்ல சரக்கைக் காட்டி நல்ல பெயர் வாங்க முடியாது, அதைவிட மட்டமான ஒன்றை வாசலில் தயாராகத் தொங்கவிடு.