நான் கும்பிட்ட ஓவியம்

பேச வராதவனைப் பேசு பேசு என்று தூண்டுகிறவர்கள், அவன் பேசிய பிறகு பொறுப்பேற்க வருவதில்லை.

என் மகளுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வரன் கூடி வந்தது. பையன் டிராயிங் மாஸ்டர். பெண் பார்த்த அன்றே இருவருக்கும் பிடித்துவிட்டது. அடுப்படியில் நின்று மகள் தனக்குத்தானே சிரித்துக்கொள்வதை நானே பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் பூ வைத்துவிடலாம். நானும் என் மனைவியின் அண்ணனும் பாலக்கரையில் பஸ் ஏறினோம்.

"ஊமை மாதிரி உக்காந்துடாதீங்க மாப்ள, நல்லதா நாலு வார்த்தை பேசுங்க" என்றார் அவர். (பன்னிரண்டாவதோடு நின்றவன் நான். நாலு வார்த்தைக்கு எங்கே போவேன்?)

கூடத்துச் சுவரில் ஆளுயரப் படம், மேலே மல்லிகைச் சரம். கறுப்புப் பின்னணியில் அடியில் சேர்ந்து மேலே விலகும் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் ஒரு சிவப்பு. ஸ்ரீரங்கத்தில் இதை வேறென்னவென்று நினைப்பது? எழுந்து கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"பெருமாள் நாமம்! எவ்வளவு பக்தி!"

"எங்க பையன் வரைஞ்சதுங்க" என்று அவன் அம்மா பூரித்துப்போனார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மச்சான் முழங்கையால் இடித்தார். "ஏன் தம்பி, ஒரு வெள்ளை மட்டும் தடிமனா இருக்கு? சிவப்பு ஏன் வழியுது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் அதுவரை அவனை அப்படிக் கேட்டதே இல்லையாம்.

"நீங்கதான் மாமா சரியா பாத்திருக்கீங்க. இது நாமம் இல்ல. தடிமனா இருக்கறது அம்மா. மெலிசா, வளைஞ்சு இருக்கறது அப்பா. நடுவுல நசுங்குறது நான். சுத்தி இருக்கற இருட்டு இந்த வீடு."

அப்பா மெதுவாக ஃபேனைப் பார்த்தார். அம்மா எழுந்தார்.

"அடப்பாவி, இதுக்காடா நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூ போட்டேன்?"

காபி வரவில்லை. மறுநாள் தரகர் வந்தார்: "குடும்பத்தைக் கலைக்கவா வந்தீங்கன்னு கேக்கறாங்க." பையன் மகளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். என் படம் புரிந்தது உங்கள் அப்பாவுக்கு மட்டும்தான் என்று. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. படத்தில் தன்னை வரைந்த இடத்திலேயே, இரண்டு கோட்டுக்கும் நடுவிலேயே நின்றுவிட்டான்.

இப்போதும் வரன் என்று யாராவது வந்தால் மகள் சொல்வாள்: "முதல்ல அவங்க கூடத்துச் சுவத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வெறும் சுவரா இருந்தா மட்டும் அப்பா போகட்டும்."

வீடே சிரிக்கும். மச்சான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நானும் சிரிப்பேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.