ஈயம் இறக்கிய மகான்

வெள்ளம் வடிந்த ஆற்றோர வயலில் அன்று அப்படியொரு கூட்டம். சாக்கில் மண், வாளியில் மண், ஒருவர் மருமகளின் கைப்பையில் மண். எல்லாம் கோல் மகானைப் பார்க்கத்தான். கோலால் ஒரு கிளறு கிளறினால் மண்ணிலிருக்கும் ஈயத்தை இறக்கிவிடுவாராம். கூலி, வயலுக்கு ஒரு மூட்டை விளைச்சல், முன்கூட்டியே. விஷ மண்ணில் விளைந்ததுதானே என்று மகான் ஒதுக்கவில்லை. பெரிய மனது.

ஆய்வுக்கூடம் முன்பே சொல்லியிருந்தது. ஆற்றின் மேல்பக்கம் பழைய பேட்டரி உருக்கும் ஆலையின் ஈயக் கழிவு வெள்ளத்தோடு வந்து படிந்திருக்கிறது, கீரை போடாதீர்கள் என்று. ஆனால் ஆய்வுக்கூடம் தாளில் எண்களை எழுதிக் கொடுத்தது. மகானோ கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எதை நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

வரிசையில் முதல் ஆள் கீரைக்காரி. அவளுடைய இரண்டு வயது மகனின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். விற்காமல் மிஞ்சும் கீரைதான் அவனுக்குச் சாப்பாடு.

பட்டுத்துணி சுற்றிய கோல் அவள் மண்ணில் இறங்கி ஏறியது. நுனியில் கறுப்புத் தூள், மீசை முளைத்த மாதிரி.

“பாத்தியாம்மா, உன் ஈயம். இனி தைரியமா கீரையைக் கிள்ளிப் புள்ளைக்குக் குடு.”

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் அவளுடைய நாத்தனார். வலை பின்னிப் பிழைப்பவள். தோளில் புது வலை.

“அண்ணி, கொஞ்சம் இரு. ஐயா, இந்தக் கோல் ஈயத்தை இழுக்குமா?”

“ஏழு ஆள் ஆழத்துல இருந்தாலும் இழுக்கும்.”

“அவ்வளவு ஆழம் எதுக்கு?” வலை ஓரத்தில் கட்டவென்று மடியில் முடிந்து வைத்திருந்த ஈயக்குண்டு ஒன்றை எடுத்துக் கோல் நுனியில் வைத்து, கையை விட்டாள். குண்டு நேராக மகானின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அப்போது மகான் வாயிலிருந்து வந்தது மந்திரம் அல்ல.

“இன்னொரு தடவை வைம்மா” என்றார் கைப்பைக்காரர்.

வைத்தாள். விழுந்தது. இந்த முறை மகான் காலை நகர்த்திக்கொண்டார். ஞானம் வந்துவிட்டது.

“இது கடையில வாங்கின ஈயம். மந்திரத்துக்குக் கட்டுப்படாது.”

“அப்ப எங்க மண்ணுல இருக்கிறது மட்டும் பக்தியுள்ள ஈயமா?”

கோலைப் பிடுங்கித் துணியை உருவினாள். உள்ளே காந்தம். பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் அதை விட்டுக் கிளறினாள். அதே மீசை.

“இது இரும்புத் தூள். ஆத்து மணல்ல எப்பவும் இருக்கும். காந்தம் ஈயத்தைத் திரும்பிக்கூடப் பாக்காது.”

மகானுக்கு அவசர வேலை வந்துவிட்டது. அந்த அவசரத்திலும் மூட்டைகளை மறக்காமல் வண்டியில் ஏற்றினார். தின்னட்டும்.

கீரைக்காரி கிள்ளி வைத்திருந்த கீரைக்கட்டைக் குப்பையில் வீசினாள். “புள்ளைக்கு இன்னிக்கு என்ன குடுக்கிறது?”

“எங்க வீட்டுல சாப்பிடட்டும். நாளைக்குக் காலைல எல்லாரும் அந்த ஆலை வாசலுக்குப் போவோம்.”

கூட்டம் தலையைச் சொறிந்தது. வெயில் ஏறும் வரை மகானுக்காக நின்ற கால்களுக்கு, ஆலை என்றதும் வலி வந்துவிட்டது.

காந்தத்துக்கு வராத ஈயம், எந்த மந்திரமும் இல்லாமல் குழந்தையின் ரத்தத்துக்குள் வந்திருக்கிறது. அதை அனுப்பியவன் வாசலில் போய் வரிசை கட்டுங்கள் என்று சொல்ல, இன்னும் எந்த மகான் வர வேண்டும்?