காயாத சுவர்

கிறிஸ்துதாஸ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தெருமுனையிலேயே காரை மறித்துவிட்டார்.

சாயங்காலம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த செஞ்சிப் பக்கத்து அந்தோணி குடும்பம், காலையிலேயே ரெட்டியார்பாளையத்துக்கு வந்து நிற்கிறது. வீட்டிலோ நீலம் கலந்த சுண்ணாம்பு சுவரெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலும் பாத்திரமும் மாதா சுரூபமும் தெருவில். பார்க்க வேண்டிய பெண், கிறிஸ்துதாஸின் மகள் புஷ்பமேரி, புருவம் வரைக்கும் சுண்ணாம்போடு ஏணியின் மேலே.

முன்னால் வந்த இரண்டு வரன்கள் "வீடு ஒரு மாதிரி இருக்குது" என்று நழுவிப் போயிருந்தன. இதையும் விட்டுவிட்டால் மில் வேலைக்காரரான கிறிஸ்துதாஸ் பாவம், எங்கே போவார்?

"வீடு எங்க ஓடிப்போவுது அண்ணே? மொதல்ல கடலப் பாத்துட்டு வந்துடுவோம்!" என்று டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"கடலா? நாங்க பொண்ணப் பாக்க வந்தோம்பா" என்றார் அந்தோணி.

"இவ்ளோ தூரம் வந்துட்டோம். ஒரு எட்டு பாத்துட்டே போவலாம்ணே" என்றாள் அவர் தங்கை ஆரோக்கியம். அந்தோணியின் மனைவி, மாப்பிள்ளையின் அம்மா, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பீச் ரோட்டில் கடல் இருந்தது. கால் நனைக்க இடமில்லை. கரை முழுக்கக் கருங்கல். மேலே வெயில் பொரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கல்லின் விளிம்பில் நின்று தண்ணீரையே வெறித்துப் பார்த்தாள். அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்து கிறிஸ்துதாஸ் அவசரமாகக் கார்க் கதவைத் திறந்தார்.

"வீராம்பட்டினம் போவோம். அங்க மணலு மெத்த மாதிரி!"

மணல் மெத்தை மாதிரிதான் இருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்த அந்தோணியின் மேல் அலை ஒன்று ஏறி, இடுப்பு வரை நனைத்து, ஒரு செருப்பையும் எடுத்துக்கொண்டு போனது.

"யோவ்! இன்னாய்யா இது?"

"உப்புத்தண்ணி ஒடம்புக்கு நல்லதுண்ணே."

"செருப்புக்குமா?"

அந்தம்மாவோ முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. பேச்சுவார்த்தையே அறுந்துபோச்சு என்று முடிவு கட்டிக்கொண்டார் கிறிஸ்துதாஸ்.

ஈர வேட்டி காய வேண்டும். வீட்டுச் சுவரும் காய வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி, காற்று வாங்க ஊசுட்டேரி. போகிற வழியெல்லாம் பச்சை வயல். ஏரிக்கரைச் சேற்றில் கார் புதைந்தது. ஒற்றைச் செருப்போடு அந்தோணியும் இறங்கித் தள்ளினார். கார் கிளம்பியதும் சக்கரம் வாரியடித்த சேறு அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது.

"இப்பவாவது வீட்டுக்குப் போவலாமா?" அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"மூஞ்சி கழுவ வேணாமா? தோணியில நடு ஏரிக்குப் போனா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்!"

மீன்காரரிடம் தோணியைக் கேட்டு வாங்கிக் கழியை ஊன்றினார். தறி ஓட்டிப் பழகிய கைக்குத் தோணி அடங்கவில்லை. அது ஒரே இடத்தில் சுற்றியது. அந்தோணி நிலை தடுமாறி உட்கார்ந்தது, வழியில் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலங்களின் மேல். கொக்குகள் கூட்டமாக எழுந்து பறந்தன. அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின.

'ஐயோ, அழ வெச்சிட்டேனே!' என்று கிறிஸ்துதாஸ் கழியைக் கை நழுவ விட்டார். மீன்காரர் நீந்தி வந்துதான் தோணியை இழுத்துப்போனார்.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. சாமான்கள் உள்ளே ஏறியிருந்தன. புஷ்பமேரி தலை சீவி, பட்டு கட்டி, காப்பி கொடுத்தாள். அந்தோணி களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார். எழுந்தபோது முதுகு முழுக்க நீலம். கிறிஸ்துதாஸின் மனைவி ஞானமேரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு அந்தோணி நொண்டி நொண்டிக் காரில் ஏறினார். அந்தம்மாவும் விறுவிறுவென்று போய் உட்கார்ந்தாள்.

கிறிஸ்துதாஸ் வாசலிலேயே குந்திவிட்டார். "எல்லாம் என்னாலதான்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கடைசியாக ஏறப்போன ஆரோக்கியம் திரும்பி வந்தாள். அண்ணன் காதில் விழாதபடி குனிந்து சொன்னாள்:

"எதுக்கு அண்ணே கலங்குறீங்க? வில்லியனூர் மாதா திருவிழாவுலயே உங்க பொண்ணப் பாத்து அண்ணி முடிவு பண்ணிட்டாங்க. ஆனா பொறந்ததுலேர்ந்து கடலப் பாத்ததில்லன்னு ஒரே ஏக்கம், பொண்ணு பாக்கன்னு சொன்னாத்தான் எங்கண்ணன் காரு வெப்பாரு, அதான் விடியறதுக்குள்ள கெளம்பி வந்தோம். அடுத்த மாசம் இன்னொரு வாட்டி 'பொண்ணு பாக்க' வரோம், அந்தத் தோணிய மட்டும் சொல்லி வைங்க!"